பலி கொடுத்தவர்கள் பாமரர்கள் அல்ல

செஸ் பயிற்சி வகுப்புகளில் பழைய ஆட்டங்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கோடை முகாமின் கடைசி நாள், அல்லது பிள்ளைகள் களைத்துப்போன மாலை நேரம். அப்போது ஆண்டர்சன் ராணியைப் பலி கொடுத்த கதையும், மார்ஃபி ஓபெரா அரங்கில் ஆடிய கதையும் வெளியே வரும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ஆசிரியர் உடனே ஒரு பின்குறிப்புச் சேர்ப்பார்: அந்தக் காலத்தில் யாருக்கும் தற்காக்கத் தெரியாது, இதெல்லாம் இன்று செல்லுபடியாகாது, எஞ்சினில் போட்டால் பாதி நகர்வுகள் தவறென்று காட்டிவிடும்.

அந்தப் பின்குறிப்புதான் இன்று செஸ் உலகின் பொதுப்புத்தி. அதை விரித்தால் ஒரு முழு வரலாறே கிடைக்கும். முதலில் கண்ணை மூடிக்கொண்டு தாக்கியவர்கள் இருந்தார்கள். எதிராளி காயைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதே கண்ணியம் என்று நம்பினார்கள். பிறகு ஸ்டைனிட்ஸ் வந்தார், விஞ்ஞானம் பிறந்தது. கடைசியாகக் கணினி வந்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பெழுதிவிட்டது. ஆகவே பழைய தாக்குதல் ஆட்டங்களை ரசிக்கலாம், படிக்கத் தேவையில்லை. ரேட்டிங் வேண்டுமானால் ஓப்பனிங் கோப்புகளைத் திற.

கதை கச்சிதமாகத்தான் இருக்கிறது. அதன் காலவரிசையே தவறு என்பதுதான் சிக்கல்.

தாக்குதல் யுகம் என்று சொல்லப்படுவது தொடங்குவதற்கு வெகு முன்பே, 1749இல், பிலிடோர் தன் புத்தகத்தை லண்டனில் வெளியிட்டார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அந்தப் பிரெஞ்சு இசையமைப்பாளர் சிப்பாய்களே ஆட்டத்தின் உயிர் என்றார். சிப்பாய் அமைப்பு, அதன் பலவீனம், அதை முன்னே நகர்த்தும் வரிசை: இன்று நாம் நிலைசார்ந்த ஆட்டம் என்று அழைப்பதன் அடிப்படைகள் அதில் இருக்கின்றன. அந்தப் புத்தகம் பல மொழிகளில், பல பதிப்புகளாக ஐரோப்பா முழுக்கச் சுற்றியது. ஆண்டர்சன் தலைமுறை அதைப் படிக்காமல் வளரவில்லை. படித்தார்கள், பிறகு வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அறியாமல் செய்வதும் அறிந்து தேர்வதும் ஒன்றாகிவிடுமா?

1834இல் லண்டனில் லா பூர்தொன்னேயும் மெக்டொன்னலும் 85 ஆட்டங்கள் ஆடினார்கள். லா பூர்தொன்னே வென்றவை 45, மெக்டொன்னல் வென்றவை 27, டிரா 13. வெஸ்ட்மின்ஸ்டர் கிளப்பில் உட்கார்ந்து அத்தனையையும் எழுதிவைத்த வில்லியம் கிரீன்வுட் வாக்கருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அழகான ஆட்டங்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல் எல்லாவற்றையும் பதிந்த தொகுப்பு அது. ஆகவே அந்தக் காலத்தில் உண்மையில் எப்படி ஆடினார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல சாட்சி இல்லை. அதில் சிப்பாயைப் பலி கொடுத்துத் தொடங்கும் எவான்ஸ் கேம்பிட்டும் உண்டு, சிசிலியன் தற்காப்பும் உண்டு, நெடிய இழுபறிகளும் உண்டு. 62வது ஆட்டத்தின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். கறுப்பின் மூன்று சிப்பாய்கள் டி2, இ2, எஃப்2 கட்டங்களில், ராணியாக ஒரே ஒரு அடி பாக்கி என்ற நிலையில், தோளோடு தோள் நிற்கின்றன. வெள்ளை சரணடைகிறது. சிசிலியனில் மையச் சிப்பாய்களைத் திரட்டி, படிப்படியாகக் கீழே தள்ளிக்கொண்டு போன ஆட்டம். ஸ்டைனிட்ஸ் பிறக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

அதே 1834இல் லண்டனும் பாரிஸும் கடிதம் வழியாக ஆடத் தொடங்கின. ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிய லண்டனுக்கு, பாரிஸ் தன் ராஜாவின் சிப்பாயை ஒரே கட்டம் தள்ளிப் பதில் சொன்னது, வென்றது. பிரெஞ்சுத் தற்காப்பு என்ற பெயர் அங்கிருந்து வந்தது. 1843இல் பாரிஸுக்குப் போய் சாந்தமானை 11 வெற்றி, 6 தோல்வி, 4 டிரா என்று வீழ்த்திய ஸ்டான்டன் சி4 என்று தொடங்கி மெதுவாகக் கழுத்தை நெரிப்பவர். இங்கிலிஷ் ஓப்பனிங் என்று நாம் சொல்வது அவர் நினைவாகத்தான். பாபி ஃபிஷர் 1964இல் தன் பார்வையில் உலகின் 10 மேதைகளைப் பட்டியலிட்டபோது லாஸ்கரையும் போத்வின்னிக்கையும் விட்டுவிட்டு மார்ஃபியையும் ஸ்டான்டனையும் சேர்த்தார். பழைய புத்தகங்களைத் தேடிப் படித்தவரின் பட்டியல் அது. பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் வரலாற்றை ஏணிப்படியாகப் பார்க்காதவருக்கு அதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு சாட்சி. 1840களிலும் 50களிலும் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞரும் மகேஷ்சந்திர பானர்ஜி என்ற வங்காளியும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். காக்ரேன் சுத்தமான தாக்குதல்காரர். 1848இல் பெட்ரோஃப் தற்காப்புக்கு எதிராக நாலாவது நகர்விலேயே குதிரையை எஃப்7 சிப்பாய்க்குக் கொடுத்துவிட்டு ராஜாவை வெளியே இழுத்தார். பானர்ஜியோ வேறு மாதிரி. சிப்பாய்களை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி, பிஷப்பை ஜி7இல் வைத்து, மையத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுத்து, தூரத்திலிருந்து அடிப்பார். இந்திய விதிகளில் சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரட்டை அடி கிடையாது. அந்தப் பழக்கத்தில் வந்த ஆட்டம். 1855இல் அவர் ஆடிய ஓர் அமைப்பை 1922இல் க்ரூன்ஃபெல்ட் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார், அது அவர் பெயராலேயே அழைக்கப்படலாயிற்று. கண்மூடித்தனமான தாக்குதல், பிறகு விஞ்ஞானம், பிறகு நவீனத்துவம் என்று பாடநூல் மூன்று தலைமுறைகளாகப் பிரித்துவைப்பதில் முதலாவதும் மூன்றாவதும் கல்கத்தாவில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. காக்ரேனின் அந்தக் குதிரைப் பலி பற்றி இன்னொன்று: 1999இல் லினாரெஸில் தோபலோவ் அதையே கிராம்னிக்குக்கு எதிராக ஆடினார். டிராவில் முடிந்தது. உலகின் உச்ச வீரர்களில் ஒருவரால் தண்டிக்க முடியாத ஒன்றை எந்தத் தைரியத்தில் குழந்தைத்தனம் என்கிறோம்?

இனி ஸ்டைனிட்ஸ். அறிவியல் வந்து ஆவேசத்தை வென்றது என்பதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது 1866இல் லண்டனில் அவர் ஆண்டர்சனை 8-6 என்று தோற்கடித்ததை. அந்த 14 ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். ஒரு டிராகூட இல்லை. கேம்பிட்டுகளும் நேரடித் தாக்குதல்களுமே நிறைந்திருக்கின்றன. அப்போது ஸ்டைனிட்ஸுக்கு இருந்த பட்டப்பெயர் ஆஸ்திரிய மார்ஃபி. ஆண்டர்சனை அவர் ஆண்டர்சனின் ஆயுதத்தாலேயே வென்றார். அவருடைய புதிய பாணி தெரியத் தொடங்குவது 1873 வியன்னாப் போட்டியில். இடையில், 1870இல் பாடன்-பாடனில், தோற்றுப் பழையவராகிவிட்டதாகச் சொல்லப்படும் ஆண்டர்சன் 52 வயதில் முதலிடம் பிடித்தார். ஸ்டைனிட்ஸ் அவருக்குப் பின்னால்தான். பாடநூல்கள் இந்தப் பாடன்-பாடனை ஏன் இவ்வளவு அவசரமாகக் கடந்துபோகின்றன என்று யோசித்ததுண்டா?

ஸ்டைனிட்ஸின் கொள்கையிலும் தாக்காதே என்று எங்கும் இல்லை. சாதகம் யாரிடம் இருக்கிறதோ அவர் தாக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சாதகம் கரைந்துபோகும் என்பதுதான் அது. எப்போது தாக்குவது என்ற கேள்வியை அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலை மார்ஃபியின் ஆட்டங்களைக் குடைந்துதான் எடுத்தார். 1895இல் ஹேஸ்டிங்ஸில், உலகப் பட்டத்தை லாஸ்கரிடம் இழந்த பிறகு, 59 வயதில், பார்டெலபென் என்ற ஜெர்மானியருக்கு எதிராக அவர் ஆடியது பழைய இத்தாலிய ஓப்பனிங். 17வது நகர்வில் ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்தார், டி4 கட்டம் காலியாக வேண்டும் என்பதற்காக. அந்தக் கட்டத்தில் குதிரை ஏறியது, அங்கிருந்து இ6க்குப் போய் உட்கார்ந்தது. 22வது நகர்வில் யானை கறுப்பு ராஜாவின் பக்கத்திலேயே போய் நின்று செக் கொடுத்தது. ராஜா எடுத்தால் தோல்வி, ராணி எடுத்தால் தோல்வி. அந்த யானை அதே வரிசையில் அடுத்தடுத்த கட்டங்களில் செக் கொடுத்துக்கொண்டே போக, பார்டெலபென் எழுந்தார், ஒரு வார்த்தை சொல்லாமல் அரங்கை விட்டு வெளியேறினார். கடிகாரம் ஓடி முடிந்தது. விஞ்ஞானத்தின் தந்தை எனப்படுபவரின் மிகப் புகழ்பெற்ற ஆட்டம் இதுதான்.

இந்த ஏணிக்கதையை வகுத்ததில் 1922இல் வெளியான, செஸ் வீரர் ரெட்டியின் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ரெட்டி நுட்பமானவர், மார்ஃபியிடம் இருந்த நிலைசார்ந்த அறிவை அடையாளம் கண்டு சொன்னவர். அவருக்குப் பின்னால் வந்த கையேடுகள் அந்த நுட்பத்தை உதறிவிட்டு ஏணியை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டன. ஏணியின் உச்சிப்படியில் தன் தலைமுறையை வைத்துக்கொள்வது எல்லாக் காலத்துக்கும் வசதியாக இருக்கிறது.

சரி, அதிகம் பழிக்கப்படும் ஆட்டத்துக்கே வருவோம். 1851 ஜூன் 21, லண்டன், ஸ்ட்ராண்ட் தெருவில் சிம்ப்ஸன்ஸ் காப்பிக் கடை. முதல் சர்வதேசப் போட்டி நடந்துகொண்டிருந்த நாட்கள். பிரெஸ்லாவிலிருந்து வந்த கணித ஆசிரியர் அடால்ஃப் ஆண்டர்சனும், பாரிஸில் செஸ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த லியோனெல் கீஸெரிட்ஸ்கியும் பொழுதுபோக்காக ஒரு பலகையில் உட்கார்ந்தார்கள். பிறந்தது அமர ஆட்டம். ஆண்டர்சன் ஒரு பிஷப், இரண்டு யானைகள், கடைசியில் ராணி எல்லாம் கொடுத்து, மிச்சமிருந்த மூன்று சின்னக் காய்களால் மேட் செய்தார்.

இது செல்லாது என்பவர்களின் கை 18வது நகர்வைச் சுட்டும். அங்கே ஆண்டர்சன் பிஷப்பை டி6க்கு நகர்த்தி இரண்டு யானைகளையும் திறந்துவிட்டார். கறுப்பு ராணி ஏ1 யானையை வெட்டி செக் கொடுத்துவிட்டு பி2க்குத் திரும்பியிருந்தால் வெள்ளைக்கு வெற்றி உறுதியில்லை. உண்மைதான், இதைக் கண்டுபிடிக்கக் கணினிகூடத் தேவைப்படவில்லை. ஆனால் அதே நிலையில் வெள்ளைக்கு டி4 என்றோ யானையை இ1க்கு நகர்த்தியோ இன்னும் வலுவாகத் தொடர வழிகள் இருந்தன. இதன் பொருளைப் பாருங்கள். ஆண்டர்சனின் தாக்குதல் பிழையன்று. வென்றுகொண்டிருந்த தாக்குதலில், வெல்லும் வழிகளுள் அழகானதைத் தேடியதே பிழை. 1842இலேயே சொந்தமாக 60 செஸ் புதிர்கள் அமைத்துப் புத்தகம் போட்டவர் அவர். புதிர் அமைப்பவரின் கண் பலகையில் குறுக்கிட்டது. இதை அறியாமை என்பவர், வென்ற நிலை அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று விளக்க வேண்டும்.

அது கிடைத்த விதம் கறுப்பின் நகர்வுகளில் எழுதியிருக்கிறது. கீஸெரிட்ஸ்கியின் 22 நகர்வுகளில் 8 ராணியுடையவை. அவருடைய ராஜா பக்கக் குதிரை எஃப்6க்குப் போய், எச்5க்குப் போய், எஃப்6க்குத் திரும்பி, 14வது நகர்வில் புறப்பட்ட ஜி8க்கே வந்து சேர்ந்தது. ஏன் வந்தது? வெள்ளை எச் சிப்பாயையும் ஜி சிப்பாயையும் முன்னேற்றி ராணியைச் சுற்றிக் கூண்டு கட்டிவிட்டது. குதிரை விலகாவிட்டால் ராணிக்கு ஓடும் வழியில்லை. அந்தக் கூண்டைக் கட்ட நேரம் வேண்டும் என்பதற்காகத்தான் ஆண்டர்சன் 11வது நகர்வில் பி5 பிஷப்பைக் காப்பாற்றாமல் யானையை ஜி1க்கு நகர்த்தினார். காயை விற்று நேரத்தை வாங்கினார். 15 நகர்வுகள் முடிந்த நிலையில் கறுப்பில் ராணியைத் தவிர ஒரு காயும் வெளியே இல்லை. இதற்குப் பெயர் சூதாட்டம் என்றால், காய்களை விரைவாக வெளியே கொண்டுவா, ராணியை அலையவிடாதே என்று இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோமே, அதற்கும் அதே பெயரைத்தான் வைக்க வேண்டும்.

கீஸெரிட்ஸ்கியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் அவரை யாரும் கவனிப்பதில்லை. பாரிஸில் மணிக்கு 5 ஃபிராங்க் வாங்கிக்கொண்டு பாடம் எடுத்த மனிதர். முன்பு அவரும் கணித ஆசிரியர். ஆண்டர்சனிடம் போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறியிருந்தார். காப்பிக் கடையில் தான் வாங்கிய இந்த அடியைத் தன் சொந்தப் பத்திரிகையான லா ரெஜான்ஸில் அடுத்த மாதமே அச்சிட்டவர் அவர்தான். தோற்றவர் வெட்கப்பட்டு மறைத்திருந்தால் நமக்கு அமர ஆட்டம் கிடைத்திருக்காது. 1853இல் பாரிஸில் வறுமையில் இறந்துபோனார். தோற்ற ஆட்டத்தின் மதிப்பை உணர்ந்து பாராட்டி வெளியிட்ட ஒருவரைத் தற்காக்கத் தெரியாத மடையர் என்ற அடைமொழியோடு பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துகிறோம்.

அடுத்தது கண்ணியக் கதை. கொடுத்த காயை மறுப்பது கோழைத்தனம் என்று நினைத்ததால்தான் அந்தத் தாக்குதல்கள் பலித்தன என்பார்கள். எவான்ஸ் கேம்பிட்டை ஏற்காமல் பிஷப்பைப் பின்வாங்கும் வழி அந்தக் காலத்திலேயே பழக்கத்தில் இருந்தது. கிங்ஸ் கேம்பிட்டை மறுக்கும் வழியும் அப்படியே. சிசிலியனும் பிரெஞ்சும் அதற்கு இடமே கொடுக்காமல் ஆடுவதற்காகத்தான் பயன்பட்டன. ஏன், ஆண்டர்சனே 1858இல் மார்ஃபியோடு பாரிஸில் மோதியபோது மூன்று ஆட்டங்களை ஏ3 என்று, பலகையின் ஓரத்தில் ஒரு சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தித் தொடங்கினார். திறந்த நிலைகளில் அந்த 21 வயதுப் பையனை வெல்ல முடியாது என்று கணக்குப் போட்டு, ஆட்டத்தை மூடப் பார்த்த தந்திரம் அது. 7-2 என்று தோற்றார், 2 டிரா. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தாக்குகிறவர் செய்யும் காரியமா இது?

மார்ஃபி என்றதும் எல்லோரும் ஓபெரா அரங்குக்கு ஓடுகிறார்கள். நான் ஓடமாட்டேன். 17 நகர்வுகளில் முடிந்த அந்த அழகான ஆட்டத்தில் எதிரே இருந்தவர்கள் பிரன்ஸ்விக் கோமகனும் ஒரு பிரபுவும். இருவரும் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள். அதை வைத்து வழக்காடினால் எதிர்த்தரப்புக்கு நாமே சாட்சி சொன்னதாகும். பழைய ஆட்டங்களை வழிபடுகிறவர்களிடம் எனக்கு இருக்கும் சச்சரவு இதுதான்: பலவீனமானவர்களை அடித்த அதே நாலைந்து ஆட்டங்களைத் திரும்பத் திரும்பக் காட்டி, தங்கள் தரப்பைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்குப் பதிலாக 1857 நவம்பர், நியூயார்க், முதல் அமெரிக்கச் செஸ் மாநாட்டின் இறுதிச் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே லூயி பௌல்ஸன். 19ஆம் நூற்றாண்டில் தற்காப்பைப் பற்றி அதிகம் யோசித்தவர் யார் என்று கேட்டால் வரும் பெயர்களில் ஒன்று அவருடையது. சிசிலியனில் ஒரு கிளை இன்றும் அவர் பெயரில் ஓடுகிறது. மணிக்கணக்கில் யோசித்து ஆடுவார். தற்காக்கத் தெரியாதவர் என்று அவரை யாராலும் சொல்ல முடியாது. ஆறாவது ஆட்டம். கறுப்புக் காய்களோடு ஆடிய மார்ஃபி 17வது நகர்வில் ராணியை எஃப்3இல் நின்ற பிஷப்புக்குக் கொடுத்தார். அந்த நகர்வைத்தான் எல்லோரும் அச்சிடுகிறார்கள். நான் சுட்டிக்காட்ட விரும்புவது 12வது நகர்வை. அங்கே மார்ஃபி ராணியை டி3இல் கொண்டுபோய் நிறுத்தினார். வெள்ளையின் டி2 சிப்பாய்க்கு நேர் முன்னால். சிப்பாய் நகர முடியாது. சிப்பாய் நகராவிட்டால் அதன் பின்னால் இருக்கும் சி1 பிஷப் வெளியே வர முடியாது. பௌல்ஸன் யானையையும் ராணியையும் பலகையின் இடது ஓரம் வழியாகச் சுற்றிக்கொண்டுவர முயன்றார். அதற்குள் கறுப்பின் இரண்டு யானைகளும் இ வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. ராணி விழுந்தபோது வெள்ளையின் சி1 பிஷப் பிறந்த இடத்திலேயே இருந்தது. அடுத்த சில நகர்வுகளில் ஒரு யானையும் ஒரு பிஷப்பும் வெள்ளை ராஜாவை மூலையில் வைத்து அடித்தன.

சிப்பாயின் எதிரே காயை நிறுத்தி அதன் பின்னால் உள்ள படையை முடக்குவது: இந்த முற்றுகையைக் கோட்பாடாக எழுதிப் புகழ்பெற்றவர் 1920களின் நிம்சோவிச். 20 வயது மார்ஃபி அதை நியூயார்க்கில் பலகையில் செய்துகாட்டி, அதன் விளைவாகத் தாக்குதலை எடுத்தார். இந்த ஆட்டத்தில் நிலைசார்ந்த ஆட்டம் எங்கே முடிகிறது, தாக்குதல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க எவராலும் முடியாது. முடியும் என்று நடிக்கும் பாடநூல்கள்தான் நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாகச் சொல்லிக்கொடுத்துக் கெடுக்கின்றன.

கணினி விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சின் சொல்வது பொய் என்று நான் வாதாடப்போவதில்லை. நாம் கேட்காத கேள்விக்கு அது சரியான பதில் சொல்கிறது, அவ்வளவுதான். இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் முடிவு என்ன என்பது அதன் கேள்வி. மேசையில் இருக்கும் கேள்வி வேறு: இந்த மனிதர், இந்த நேரத்தில், இத்தனை சிக்கலுக்கு நடுவே சரியான ஒற்றை வழியைக் கண்டுபிடிப்பாரா? பழைய காலம் என்பதால் கண்டுபிடிக்கவில்லை என்கிறார்கள். 1960 பழைய காலமா? அந்த ஆண்டு உலகப் பட்டத்துக்கான மோதலின் ஆறாவது ஆட்டத்தில், மிகயில் தால் 21வது நகர்வில் குதிரையை எஃப்4இல் போட்டார். எதிரே போத்வின்னிக், உலக சாம்பியன், மின்பொறியியலாளர், சோவியத் செஸ் விஞ்ஞானத்தின் உருவம். பார்வையாளர்கள் போட்ட கூச்சலில் ஆட்டத்தையே உள் அறைக்கு மாற்றவேண்டியிருந்தது. அந்தப் பலிக்குச் சரியான மறுப்பு இருந்தது. ஆட்டம் முடிந்த பிறகு கிராண்ட்மாஸ்டர் ஃப்ளோர் அதைக் கண்டுபிடித்தார். மேசையில் இருந்த போத்வின்னிக் கண்டுபிடிக்கவில்லை. தோற்றார். அந்த மோதலையும் 12½-8½ என்று இழந்தார். தற்காப்புக் கலை முழுதும் கைவந்த ஒருவருக்கு 1960இல் நடந்தது, கீஸெரிட்ஸ்கிக்கு 1851இல் நடந்ததிலிருந்து எந்த வகையில் வேறு? தாக்குகிறவர் ஒரு பிழை செய்தால் ஒரு காய் போகும். தற்காப்பவர் ஒரு பிழை செய்தால் ராஜாவே போகும். இந்தச் சமனின்மை விளையாட்டின் விதியில் இருக்கிறது, நூற்றாண்டில் இல்லை.

கணினிகள்கூட ஒரே குரலில் பேசுவதில்லை. 2017 டிசம்பரில் ஆல்ஃபாசீரோ என்ற நிரல் வெளியானபோது அதற்கு மனித ஆட்டம் ஒன்றுகூடக் காட்டப்பட்டிருக்கவில்லை; விதிகளை மட்டும் கொடுத்துத் தன்னோடு தானே ஆடவிட்டார்கள். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினோடு ஆடிய 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வி இல்லை. வெளியான ஆட்டங்களில் அது சிப்பாய்களையும் சில சமயம் காய்களையும் விட்டுக்கொடுத்து, பதிலுக்கு எதிராளியின் காய்களை முடக்கிப்போட்டது. எச் சிப்பாயை ராஜாவின் முகத்துக்கு நேரே ஓட்டியது. அந்தச் சோதனை நடத்தப்பட்ட விதத்தில் குறை சொன்னவர்கள் உண்டு. ஆட்டங்களின் தன்மையை யாரும் மறுக்கவில்லை. காய்களின் கூட்டுத்தொகையைவிட அவை உயிரோடு இருக்கின்றனவா என்பதே முக்கியம் என்ற முடிவுக்கு, மார்ஃபியைக் கேள்விப்படாத ஓர் இயந்திரம் வந்து சேர்ந்திருக்கிறது.

மறுத்து மூடிவிட்டோம் என்று சொன்னவர்களின் கதையும் சுவையானது. 1960இல் மார் தெல் பிளாத்தாவில் ஸ்பாஸ்கியின் கிங்ஸ் கேம்பிட்டில் தோற்ற ஃபிஷர், மறு ஆண்டே அந்த ஓப்பனிங்குக்குச் சாவுமணி அடித்து ஒரு கட்டுரை எழுதினார். பிறகு 1963-64 அமெரிக்கச் சாம்பியன் போட்டியில் 11க்கு 11 எடுத்த வழியில், லாரி எவான்ஸுக்கு எதிராக அதே கிங்ஸ் கேம்பிட்டை, அதிலும் ஆண்டர்சன் ஆடிய பிஷப் சி4 வகையை ஆடி வென்றார்.

எவான்ஸ் கேம்பிட் 1820களில் வேல்ஸைச் சேர்ந்த ஒரு கப்பல் கேப்டன் கண்டுபிடித்தது. நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து, 1995இல் ரீகாவில், தாலின் நினைவுப் போட்டியில் காஸ்பரோவ் அதை எடுத்தார். எதிரே நம் விஸ்வநாதன் ஆனந்த். அந்த ஆண்டே நியூயார்க்கில் காஸ்பரோவோடு உலகப் பட்டத்துக்கு மோதவிருந்தவர். 25 நகர்வுகளில் ஆனந்த் தோற்றார். அருங்காட்சியகப் பொருளால் அடிபட்டதாக அவரை யாரும் கேலி செய்யவில்லை. 2013இல் விக் ஆன் ஸேயில் ஆனந்தின் முறை வந்தது. கறுப்புக் காய்களோடு அரோனியனை 23 நகர்வுகளில் முடித்தார். வெள்ளை ராஜாவை நோக்கி இரண்டு பிஷப்புகளும் அடுத்தடுத்த மூலைக்கோடுகளில் நிற்க, குதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாக எதிராளியின் வாயில் வைத்தார். 1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் இதே இரட்டை பிஷப் அமைப்பில் ராணியையும் யானைகளையும் கொடுத்து ஜெயித்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் ஆனந்தே அந்தப் பெயரைச் சொன்னார். இதில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது: ரூபின்ஸ்டைன் இறுதிக்கட்ட ஆட்டத்தின் முனிவர் என்று பெயரெடுத்தவர், சத்தமில்லாத ஆட்டக்காரர். அவருடைய ஆட்டங்களில் அதிகம் பேசப்படுவது ஒரு பலி ஆட்டம்.

சென்னையில் சிறுவன் ஆனந்த் ஆடப் பழகிய கிளப்பை நிறுவியவர் மானுவேல் ஆரோன். அதற்கு மிகயில் தாலின் பெயர் வைத்திருந்தார்கள். போத்வின்னிக்கின் பெயரை அல்ல. தற்செயலாக இருக்கலாம், எனக்கென்னவோ அது நல்ல தற்செயல் என்றுதான் படுகிறது.

பழைய தாக்குதல் ஆட்டங்கள் இன்றைய மாணவருக்குப் பயன்படாது என்பவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். பௌல்ஸன்-மார்ஃபி ஆட்டத்தில் கறுப்பின் 12வது நகர்வுக்கு முந்தைய நிலையைப் பலகையில் வையுங்கள். கைபேசிகளை வாங்கி மேசை டிராயரில் பூட்டுங்கள். வகுப்பில் ரேட்டிங் அதிகமுள்ள மாணவரைக் கூப்பிட்டு, கறுப்பு என்ன செய்ய வேண்டும், ஏன் என்று அரை மணி நேரம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். ராணி டி3 என்று எழுதி, சி1 பிஷப்பின் கதியையும் அவர் விளக்கிவிட்டால், அந்த வகுப்புக்கு மார்ஃபி தேவையில்லை என்று நானே ஒப்புக்கொள்கிறேன். எழுதாவிட்டால், அடுத்த வாரம் ஓப்பனிங் கோப்பைத் திறப்பதற்கு முன் அந்த ஆட்டத்தின் மிச்ச 16 நகர்வுகளையும் அவரோடு உட்கார்ந்து ஆடிப் பாருங்கள்.